டாப் ஸ்டேஷன்: பெயர் மட்டும் மிஞ்சிய ரயில் நிலையம்

மூணாறு போய் வந்த நம் சங்க உறுப்பினர்கள் பலர் 'டாப் ஸ்டேஷன்' என்ற இடத்தைப் பார்த்திருப்பார்கள். மூணாறிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர். மேகம் கீழே தவழ்வதைப் பார்க்கலாம் என்று ஜீப்காரர்கள் அழைத்துப் போவார்கள். அங்கே சோளக்கதிர், தேநீர்க் கடைகள் எல்லாம் உண்டு. ஆனால் பெயரில் உள்ள ஸ்டேஷன் எங்கே என்று கேட்டால் சுற்றிக் காட்டுவதற்கு அங்கே தண்டவாளமும் இல்லை, பிளாட்பாரமும் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. ரயில் வந்தது, சரக்கு இறங்கியது, ஏறியது. பயணிகளுக்காகப் போட்ட ரயில் அல்ல அது. தேயிலைப் பெட்டியைக் கீழே அனுப்பவும், அரிசி மூட்டையை மேலே கொண்டுவரவும் போட்ட ரயில். முழுக்க முழுக்க வியாபாரத்துக்காகப் பிறந்து, வியாபாரம் வேறு வழியில் போனதும் மறைந்த நிலையம் என்பதால் அதன் கதை நம்மைப் போன்ற மளிகைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

முதலில் ஒரு விஷயம். டாப் ஸ்டேஷன் கேரளத்தில் இருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். மூணாறு வழியாகத்தானே போகிறோம்! ஆனால் அந்த இடம் நம் தமிழ்நாட்டில், தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் பக்கத்துக் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. நம் மாநிலத்து இடத்துக்கு அடுத்த மாநிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதற்கும் இந்த ரயிலின் கதையிலேயே பதில் இருக்கிறது.

மலைமேல் தேயிலை

கண்ணன் தேவன் என்ற பெயர் போட்ட தேயிலைப் பொட்டலம் நம் கடைகளில் நெடுநாளாக விற்பதுதான். அந்தப் பெயர் மூணாறைச் சுற்றியுள்ள மலைகளின் பெயர். 1877-ல் ஜான் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து இந்த மலைப் பகுதியைக் குத்தகைக்குப் பெற்றார். காப்பி, சின்கோனா, ஏலக்காய் என்று பலவும் போட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். மற்றவை கைகொடுக்காத இடத்தில் தேயிலை கைகொடுத்தது. 1897-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பின்லே நிறுவனத்தாரின் ஆதரவில் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று.

தேயிலை விளைந்துவிட்டது. அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமே! வாங்குகிறவர் லண்டனில் இருந்தார். மேற்கே போனால் காடும் மலையும். கிழக்கே போனாலும் மலை செங்குத்தாக இறங்குகிறது. ஆனால் இறங்கிவிட்டால் சமவெளி, போடிநாயக்கனூர் சந்தை, அதற்கப்பால் தென்னிந்திய ரயில்வே. 1870-களின் நடுவிலேயே மதுரை வழியாகத் தூத்துக்குடிவரை ரயில் வந்துவிட்டது. ஆகவே கம்பெனியார் கிழக்கு வழியையே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வழியில் ஒரு தேயிலைப் பெட்டி எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ணிப் பாருங்கள். ஃபாக்டரியிலிருந்து மலை ரயிலுக்கு. ரயிலிலிருந்து டாப் ஸ்டேஷனில் இறங்கி, கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிக்கு. அது சுமார் 5 கிலோமீட்டர் சரிந்து கீழே கொட்டகுடியில் இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் 15 கிலோமீட்டர் போடிக்கு. போடிக்கு அப்போது ரயில் கிடையாது. மறுபடியும் வண்டிகட்டி அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்கு, அதாவது இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோமே அந்த ஸ்டேஷனுக்கு. அங்கே ரயிலேறித் தூத்துக்குடி. தூத்துக்குடியிலும் அந்நாளில் கப்பல் கரைக்கு வராது; ஆழமில்லாத கடல் என்பதால் சில மைல் தள்ளி நிற்கும். படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கை மாற்றத்திலும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம்.

தேயிலை ஈரத்தையும் வாசனையையும் உடனே இழுத்துக்கொள்ளும் சரக்கு. நம் கடையிலேயே சோப்புப் பெட்டிக்கும் பெருங்காய டப்பாவுக்கும் பக்கத்தில் தேயிலையை வைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சரக்கு இத்தனை மழைமலை தாண்ட வேண்டும் என்பதால்தான் உள்ளே உலோகத் தகடு ஒட்டிய மரப்பெட்டியில் அடைத்தார்கள். பெட்டி நசுங்கித் தகடு கிழிந்தால் சரக்கின் தரம் போயிற்று. ஏற்றி இறக்குவதைக் குறைப்பதும், குலுக்கலைக் குறைப்பதும் கம்பெனிக்கு லாபப் பிரச்னையாகவே இருந்தது. மலைமேல் ரயில் போட்டதற்குக் காரணம் இதுதான்.

ஒற்றைத் தண்டவாளம்

1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகப் போட்ட முதல் பாதையில் தண்டவாளம் ஒன்றே ஒன்று! யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரம் பெரும்பாலும் தரையில் பதித்த ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் உருளும் சிறு சக்கரங்களில் இருக்கும். வண்டி சாய்ந்துவிடாமல் ஒரு பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று ரோட்டின்மேல் ஓடும். இழுப்பது இன்ஜின் அல்ல, மாடு. இரும்பின்மேல் உருள்வதால் சாதாரண மாட்டு வண்டியைவிட அதிகப் பாரத்தை அதே மாடுகள் இழுக்கும். இரட்டைத் தண்டவாளம் போடும் செலவும் இல்லை. இதே முறையில் 1907-ல் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் போட்ட ரயிலின் இன்ஜின் ஒன்று டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டில்லி போகிறவர்கள் பார்த்தால் குண்டளை வண்டி எப்படி நின்றிருக்கும் என்பது புரியும்.

சரக்கு பெருகியது, மாடு போதவில்லை. 1908-ல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் சிறு ரயில் பாதை போட்டு, நீராவி இன்ஜினை ஓட்டினார்கள். மீட்டர் கேஜ் பாதையின் அகலமே மூன்றேகால் அடிக்குச் சற்று அதிகம். அதைவிடக் குறுகிய பாதை. மலை வளைவுகளில் திரும்ப அந்தக் குறுகல்தான் வசதி. மூணாறிலும் டாப் ஸ்டேஷனிலும் முறையான நிலையங்கள் எழுந்தன.

'டாப்' என்றதும் உயரமான ரயில் நிலையம் என்பதால் வந்த பெயர் என்று நினைப்போம். சுமார் 1,700 மீட்டர் உயரம் என்பது உண்மைதான். ஆனால் பெயர் வந்தது கம்பிவடத்தால். கம்பிவடத்தின் மேல் முனை டாப் ஸ்டேஷன், கீழே கொட்டகுடி முனை பாட்டம் ஸ்டேஷன். நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரில் ஒரு மலைக் குடியிருப்பும் உண்டு. ரயில் போனாலும், கம்பிவடம் போனாலும், பெயரை மட்டும் மக்கள் விடவில்லை.

கம்பிவடம் எப்படி வேலை செய்யும் என்பதை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நம் சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு லாரியிலா போகிறது? கன்வேயர் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஒரே சரக்கு, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு, தினந்தோறும் என்றால் அதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்துகொள்வதுதான் கட்டுப்படியாகும். மலையில் பெல்ட்டுக்குப் பதில் கம்பிவடம். தூண்களின்மேல் செல்லும் வடத்தில் தொட்டிகள் தொங்கிக்கொண்டே போகும். இதில் இன்னொரு ஆதாயம், இறங்கும் சுமையின் பாரமே ஏறும் தொட்டியை இழுக்க உதவும்.

ஏறும் தொட்டியில் என்ன போனது? அரிசியும் மளிகையும். மூணாறுத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ச் சனங்கள். மலையில் நெல் விளையாது. அத்தனை பேருக்கும் சோறு சமவெளியிலிருந்து ஏற வேண்டும். லாரிக்காரர்கள் 'ரிட்டன் லோடு' கிடைத்தால்தான் வாடகை கட்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு அன்றே இருந்தது. தேயிலை இறங்கும்போது வரும் காலித் தொட்டியில் அரிசி ஏறியது. போடி கடைவீதிக்கு அது நல்ல வியாபாரம்.

1924

அந்த ஆண்டு ஜூலையில் பெய்த மழையை மலையாளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். அதே மாதம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தை நம் பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கலாம். மூணாறு நகரமே நீரில் மூழ்கியது. மலைகள் சரிந்தன. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் தண்டவாளமும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மாட்டு வண்டிக் காலத்தையும் சேர்த்து 22 ஆண்டுகள், இன்ஜின் ஓடியது 16 ஆண்டுகள். அத்தோடு முடிந்தது.

ஏன் திரும்பப் போடவில்லை? வெள்ளத்தின்மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். நன்றாகச் சம்பாதிக்கும் பாதையை வெள்ளம் அடித்துப்போனால் முதலாளி மறுபடியும் போடுவார். ஆனால் 1924-ல் மோட்டார் லாரி வரத் தொடங்கிவிட்டது. ரோடு போட்டால் லாரியும் போகும், ஜனங்களும் போவார்கள். ஒரே ஒரு கம்பெனியின் சரக்குக்காக இன்ஜினும் டிரைவரும் பாதைப் பராமரிப்பும் என்ற செலவை மறுபடியும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரயிலின் வேலையைக் கம்பிவடமும் ரோடும் பங்கிட்டுக்கொண்டன.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1928-ல், இரண்டு காரியங்கள் நடந்தன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் ரயில் வந்து சேர்ந்தது. கால் நூற்றாண்டாகக் காத்திருந்த இணைப்பு! மலை ரயில் இருந்தபோது கீழே ரயில் இல்லை. கீழே ரயில் வந்தபோது மேலே மலை ரயில் இல்லை. அதே 1928 மே மாதம் கொச்சியில், ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்திய வாய்க்கால் வழியாக முதல் கடற்கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தூத்துக்குடியைப் போலத் தொலைவில் நின்று படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூணாறிலிருந்து மேற்கே ரோடும் சீரானதும் தேயிலை தன் முகத்தைக் கொச்சி பக்கம் திருப்பிக்கொண்டது. 1947-ல் கொச்சியிலேயே தேயிலை ஏலம் தொடங்கியது. போடி வழி தேயிலைக்குத் தேவையில்லாமல் போயிற்று.

போடி படுக்கவில்லை

தேயிலை போனது, மலை ரயில் போனது. போதாக்குறைக்கு இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், போடிப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துப் போர்த் தேவைக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 12 ஆண்டுகள் போடி ஸ்டேஷனில் வண்டி இல்லை. 1950-களில் மறுபடியும் போட்டார்கள். பிறகு அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் கடைசியோடு மீண்டும் நிறுத்தினார்கள். இரண்டொரு ஆண்டில் முடியும் என்று எதிர்பார்த்த வேலை பன்னிரண்டு ஆண்டு இழுத்தது. தேனிவரை 2022 மே மாதமும், போடிவரை 2023 ஜூன் 15-ஆம் தேதியும்தான் ரயில் வந்தது. ஆக, ஒரே ஸ்டேஷன் இரண்டு முறை செத்துப் பிழைத்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவே போடியின் ஏலக்காய் மண்டி படுத்துவிட்டதா? இல்லை. இந்தியாவில் ஏலக்காய் விலை என்றால் இன்றும் போடியையும், மலைக்குமேல் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியையும்தான் கேட்க வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இந்த இரண்டு இடங்களிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் உயர் ரகம் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது நாம் பாயச ஏலக்காயைப் பத்துப் பத்துக் கிராமாக எண்ணிக் கொடுத்தோமே, அந்த விலை அங்கே விழுந்த விலைதான். 2022-ல் அது ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இருப்பு வைத்தவர்கள் பட்ட பாடு அவரவர்க்குத் தெரியும்.

ரயில் போனதும் தேயிலை போடியை விட்டுப் போனது. ரயில் போயும் ஏலக்காய் போடியை விடவில்லை. இதற்கு நான் இரண்டு காரணங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று வாடகைக் கணக்கு. கிலோவுக்கு 2 ரூபாய் லாரி வாடகை என்று வைத்துக்கொள்வோம். கிலோ 10 ரூபாய் உப்புக்கு அது நூற்றுக்கு 20. கிலோ 100 ரூபாய் தேயிலைக்கு நூற்றுக்கு 2. கிலோ 2,000 ரூபாய் ஏலக்காய்க்கு நூற்றுக்குப் பத்து பைசா! ஏலக்காய் எந்த வழியில் போனாலும் வாடகை அதைத் தொடாது. தேயிலை மொத்த வியாபாரத்தில் ஒரு ரூபாய் வித்தியாசத்தில் கொள்முதல் கை மாறும். எது மலிவான வழியோ அதைத் தேடி ஓடித்தான் தீர வேண்டும்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. தேயிலையின் விலை எந்நாளும் போடியில் பேசப்பட்டதில்லை. அது லண்டனில் பேசப்பட்டது, பிறகு கொச்சியில். போடி அதற்கு வழியில் உள்ள ஊர், அவ்வளவுதான். வண்டிக்காரருக்கும் சுமை கூலிக்காரருக்கும் வேலை கிடைத்தது. வழி மாறியதும் அதுவும் நின்றது. ஏலக்காய் அப்படியல்ல. தரம் பிரிக்கத் தெரிந்தவர், முன்பணம் கொடுப்பவர், வடநாட்டு வியாபாரியோடு தொடர்பு வைத்திருப்பவர் எல்லோரும் போடியிலேயே குடியிருந்தார்கள். விலை அங்கே பேசப்பட்டது. பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் நினைத்துப் பார்த்தால் நம் பக்கத்து வியாபாரிகளுக்கு இந்த வேறுபாடு சட்டென்று விளங்கும்.

ரயில் இல்லாததால் நஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நஷ்டப்பட்டவர்கள் சிறு வியாபாரிகள். ஒரு காலத்தில் எந்தச் சிறு ஸ்டேஷனிலும் கூட்ஸ் ஷெட்டில் நாலு மூட்டை கொடுத்தாலும் பதிவு செய்துகொள்வார்கள். ரயில்வே ரசீது பாங்க் மூலம் வரும். பணத்தைக் கட்டி ரசீதை மீட்டு, ரசீதைக் காட்டிச் சரக்கை எடுப்போம். பிறகு ரயில்வே முழு வண்டிச் சரக்குக்கே முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. நிலக்கரி, சிமெண்ட், உரம், இரும்பு என்று மொத்தமாக ஏற்றுகிறவர்களுக்கு ரயில். நாலு மூட்டைக்காரருக்குப் பார்சல் வேன் அல்லது லாரி புக்கிங் ஆபீஸ் என்றாயிற்று. ரயில்வேயின் பக்கம் அதற்கு நியாயம் உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேகனை வெட்டிச் சேர்ப்பதில் நாட்கள் வீணாயின. ஆனால் தமிழ்நாட்டில் பல சிறு ஸ்டேஷன்களின் சரக்குக் கொட்டகை பூட்டிக் கிடப்பதற்கு வெள்ளமும் புயலும் காரணமில்லை.

இனி டாப் ஸ்டேஷனுக்கே வருவோம். கம்பிவடமும் நின்று போனபின் அந்த இடத்துக்கும் கீழே போடிக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்தது. கொட்டகுடியை அடுத்த குரங்கணியிலிருந்து மேலே ஏறுவதற்கு மலைப்பாதைதான், அதுவும் கால்நடையாக. வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று சுற்றி நூறு கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். தொட்டி தொங்கிக்கொண்டு இறங்கியபோது 5 கிலோமீட்டரில் முடிந்த வேலை! குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு வேண்டும் என்ற கோரிக்கை போடிப் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு. நடுவில் இருப்பது காடு. வனத்துறையின் தடையும் நியாயமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்தது அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்பதைக் காட்டியது.

மூணாறு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்நாளைய மூணாறு ரயில் நிலையக் கட்டடம் இடிந்துபோகவில்லை. தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகவே இருந்துவருகிறது. எஸ்டேட் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக 2005-ல் உருவான கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனிதான் இப்போது அந்தத் தோட்டங்களை நடத்துகிறது. மூணாறில் உள்ள அவர்களுடைய தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய சாமான்களோடு குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.